ஏசி கேஸ் மாறுகிறது: மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளில் கேட்கப்படும் கேள்விகள்

வாழைச்சேனையில் இருந்து அக்கரைப்பற்று வரை வீடுகளுக்கு ஏசி பூட்டுவதும் திருத்துவதும் எங்கள் தொழில். ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32 என்று கேஸின் பெயர் மாறி மாறி வருவதால் போகிற வீடெல்லாம் ஒரே கேள்விகள்தான். ஏணியில் நின்றபடி வாயால் சொல்லிவந்ததை இங்கே எழுதி வைக்கிறோம். எல்லாவற்றையும் வாசிக்க நேரமில்லை என்றால், வருடா வருடம் கேஸ் அடிப்பது பற்றிய கேள்வியை மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.

ஏசிக்குள் இருக்கும் கேஸ் என்ன செய்கிறது? அதை ஏன் மாற்றுகிறார்கள்?

அறையின் சூட்டை அள்ளிக்கொண்டுபோய் வெளியே கொட்டுவதுதான் அதன் வேலை. உள் யூனிட்டில் ஆவியாகும்போது சூட்டை இழுக்கும். கொம்ப்ரசர் அமுக்கி அனுப்ப, வெளி யூனிட்டில் திரவமாகும்போது அந்தச் சூட்டை விட்டுவிடும். மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் ஏசியின் ஆயுள் முழுக்கச் சுற்றுகிறது. உள்ளே இருக்கும்வரை அதனால் யாருக்கும் கேடில்லை. வெளியே வந்தால்தான் வில்லங்கம்.

பழைய ஏசிகளில் இருந்த ஆர்-22இல் குளோரின் உண்டு. அது ஓசோன் படையை அரிக்கும். 1987இல் கைச்சாத்தான மொன்றியல் உடன்படிக்கையின் வழியே உலகம் அதை மெல்ல மெல்லக் கைவிட்டு வருகிறது. பதிலுக்கு வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் வளிமண்டலத்தில் சூட்டைப் பிடித்து வைப்பதில் ஆர்-22ஐயே முந்திவிட்டது. நூறு வருடக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-410ஏ, 2,088 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமன். ஆர்-22 என்றால் 1,810. ஆர்-32 என்றால் 675. ஆர்-290 எனப்படும் புரொப்பேன் வெறும் 3.

இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று: ஆர்-410ஏ என்பதில் சரிபாதி ஆர்-32தான். மற்றப் பாதி ஆர்-125. தீப்பிடிக்காமல் இருப்பதற்காக அதைக் கலந்தார்கள். அந்த ஆர்-125 காற்றில் கலந்தால் முப்பது வருடம் அளவில் அழியாமல் நிற்கும். ஆர்-32 ஐந்து வருடத்தில் சிதைந்துவிடும். ஆக, புதுக் கேஸ் என்று விற்கப்படுவது பழைய கலவையில் இருந்து கெட்ட பாதியை எடுத்துவிட்ட மிச்சம். 2012இல் ஜப்பானில் டைக்கின் நிறுவனம் ஆர்-32 போட்ட வீட்டு ஏசியை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று எங்கள் பக்கத்துக் கடைகளில் புதிதாக வந்து இறங்கும் வீட்டு ஏசிகளில் பெரும்பாலானவை அதே கேஸ்தான்.

என் வீட்டு ஏசியில் எந்தக் கேஸ் என்று எப்படி அறிவது?

வெளி யூனிட்டின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் கேஸின் பெயரும் எத்தனை கிராம் அல்லது கிலோ நிரப்பப்பட்டது என்பதும் இருக்கும். வெயிலும் உப்பும் பட்டு எழுத்து அழிந்திருந்தால் உள் யூனிட்டின் அடிப்பக்கத்தையோ பக்கத்தையோ டோர்ச் அடித்துப் பாருங்கள். புது ஏசி பூட்டிய அன்றே அந்த ஸ்டிக்கரை ஃபோனில் படமெடுத்து வைத்தால் பிறகு எங்களைப் போன்றவர்களுக்கும் வேலை சுகம்.

பழைய ஆர்-22 ஏசி நன்றாக ஓடுகிறது. கழற்ற வேண்டுமா?

வேண்டாம். கசிவில்லாமல் ஓடுகிறதென்றால் ஓடவிடுங்கள். வீட்டில் பாவிக்கிற ஏசியைக் கழற்றச் சொல்லி யாரும் வரப்போவதில்லை. குறைவது சந்தையில் கிடைக்கும் கேஸின் அளவுதான். வளர்முக நாடுகள் ஆர்-22 போன்றவற்றின் பாவனையை 2020இல் 35 வீதமும், 2025இல் 67.5 வீதமும், 2030இல் 97.5 வீதமும் குறைக்க வேண்டும் என்பது உடன்படிக்கையின் அட்டவணை. மிஞ்சும் கொஞ்சம் 2040 வரை திருத்த வேலைகளுக்கு மட்டும்.

அதனால் கொயில், அதாவது கேஸ் ஓடும் வளைவுக் குழாய்த் தொகுதி, ஓட்டையான ஒரு ஆர்-22 ஏசிக்குப் பெரிய காசு செலவழிப்பது புத்தியில்லை. அதைவிடப் பிழை, ஹோட்டலில் கழற்றியது, கொழும்பில் அலுவலகத்தில் கழற்றியது என்று சொல்லி வரும் பழைய ஆர்-22 ஏசியை மலிவுக்கு வாங்குவது. இன்று மிச்சம் பிடித்த காசு இரண்டு வருடத்தில் கேஸாகவும் கரண்ட் பில்லாகவும் போய்விடும்.

இந்தக் கேஸ் குறைப்புக்கு இலங்கை ஒப்புக்கொண்டிருக்கிறதா?

ஓம். ஆர்-410ஏ, ஆர்-32 வகைக் கேஸ்களைக் குறைப்பதற்காக 2016 ஒக்டோபரில் ருவாண்டாவின் தலைநகரில் மொன்றியல் உடன்படிக்கைக்குக் கிகாலித் திருத்தம் உருவானது. இலங்கை 2018இல் அதை ஏற்றது. 2024இல் இருந்து இந்தக் கேஸ்களின் மொத்தப் பாவனை கூடக்கூடாது. பிறகு 2029இல் 10 வீதம், 2035இல் 30, 2040இல் 50, 2045இல் 80 என்று குறைய வேண்டும். கணக்கெடுப்பது கிலோவில் அல்ல, காபனீரொட்சைட்டுச் சமனில். அதனால்தான் ஆர்-32க்கு மாறுவது நாட்டுக்குச் சாதகமாக இருக்கிறது: அதே கணக்குக்குள் மூன்று மடங்கு கேஸ் கொண்டுவரலாம். நாட்டில் இதைப் பார்த்துக்கொள்வது சுற்றாடல் அமைச்சின் கீழுள்ள தேசிய ஓசோன் அலகு.

ஆர்-32 எரியுமாமே? படுக்கை அறைக்குள் பூட்டப் பயமாக இருக்கிறது.

2021 கடைசியில் நாடு முழுக்கச் சமையல் கேஸ் வெடிப்புச் செய்திகளைக் கேட்ட சனத்துக்கு இந்தப் பயம் வருவது நியாயம். கேஸ் என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டில் பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம்.

ஆர்-32 எரியக்கூடியதுதான். ஆனால் ஏ2எல் என்ற வகுப்பு. அதாவது பற்றவைப்பது கஷ்டம், பற்றினாலும் தீ மெதுவாகத்தான் பரவும். அது எரிவதற்கு ஒரு கன மீற்றர் காற்றில் கிட்டத்தட்ட 300 கிராம் கலந்திருக்க வேண்டும். 12,000 பிடியூ (குளிரூட்டும் திறனின் அலகு) ஏசி ஒன்றில் மொத்தமாக இருப்பதே 600 முதல் 800 கிராம். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் 28 கன மீற்றர். 700 கிராமும் ஒரே அடியாக அறைக்குள் கொட்டிப் பரவினாலும் கன மீற்றருக்கு 25 கிராம்தான் வரும். எரியத் தேவையானதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கேஸ் காற்றைவிடப் பாரம் என்பதால் நிலத்தோடு கொஞ்சம் கூடுதலாகத் தேங்கும், அது உண்மை. அப்படியிருந்தும் சாதாரண வீட்டு அறையில் இது பயந்து ஒதுக்க வேண்டிய அளவல்ல.

இன்னொன்று. அண்மையில் வாங்கிய ஃப்ரிட்ஜ் என்றால் அதன் பின்பக்கம் போய் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆர்-600ஏ என்று இருக்கும். அது ஐசோபியூட்டேன், ஆர்-32ஐவிடப் பல மடங்கு சுலபமாக எரியும். அளவு கொஞ்சம் என்பதால் குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் பேசாமல் நிற்கிறது.

உண்மையான ஆபத்து வீட்டுக்காரருக்கு அல்ல, திருத்துகிறவருக்கு. கேஸ் மிச்சமிருக்கும் குழாயில் வெல்டிங் ஃப்ளேமைப் பிடித்தால் தீப்பிடிக்கலாம். தீப்பிடிக்காவிட்டாலும் சூட்டில் சிதைந்து ஐதரசன் புளோரைட்டு என்ற மோசமான நச்சுப்புகை வரும். சுவாசப்பையையும் கண்ணையும் சுட்டுவிடும். கேஸை முழுவதும் எடுத்து, நைட்ரஜன் விட்டுக் கழுவாமல் வெல்டிங் ஃப்ளேமைப் பற்றவைக்கிற ஆளை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். வாயில் சிகரெட்டோடு வேலை செய்கிறவரையும்தான்.

அப்படியென்றால் ஆர்-290 இன்னும் நல்லதுதானே?

சூழலுக்கு, சந்தேகமில்லாமல். இந்தியாவில் கோத்ரெஜ் நிறுவனம் 2012இல் இருந்தே ஆர்-290 ஏசி விற்கிறது. நல்லாக் குளிரும், கரண்டும் குறைவு. ஆனால் அது ஏ3 வகுப்பு, கன மீற்றருக்கு 38 கிராம் கலந்தாலே எரியும். மேலே சொன்ன அதே அறையில் 300 கிராம் கசிந்தால் எரியும் அளவின் நாலில் ஒரு பங்குக்கு மேலே வந்துவிடும். நிலத்தோடு தேங்கினால் இன்னும் கிட்டப் போகும். அதனால் எத்தனை கிராம் போடலாம், எந்த அளவு அறையில் பூட்டலாம் என்று கம்பனி கடுமையாக வரையறுத்திருக்கும். சுவிட்ச், ரிலே எல்லாம் பொறி பறக்காத வகையில் இருக்கும். அதற்கென்றே செய்த ஏசி, அதற்கென்றே பழகிய ஆள், இரண்டும் இருந்தால் பயமில்லை. எங்கள் பக்கத்தில் இப்போதைக்கு இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது அரிது. அதுதான் நாங்கள் ஆர்-32ஐச் சிபாரிசு செய்வதற்குக் காரணம்.

பழைய ஏசியிலேயே புதுக் கேஸை அடிக்கலாமா?

ஏலாது. ஆர்-410ஏயின் அமுக்கம் ஆர்-22ஐவிட ஏறத்தாழ 1.6 மடங்கு, ஆர்-32 அதற்கும் சற்று மேலே. ஆர்-22க்குச் செய்த கொயில் அதைத் தாங்குவதற்காகச் செய்யப்படவில்லை, எண்ணெயும் வேறு. ஆர்-410ஏ ஏசியில் ஆர்-32ஐ அடித்தால் அமுக்கம் கிட்டத்தட்டப் பொருந்தும், ஓடவும் ஓடும். ஆனால் கொம்ப்ரசரில் இருந்து வெளியேறும் கேஸின் சூடு கூடிவிடும்; எரியும் கேஸுக்கென்று செய்யாத மின்பாகங்களும் அங்கேயே இருக்கும். “பாதி அதுதானே” என்று ஒரு தம்பி வாதாடினார். மற்றப் பாதியை நம்பித்தான் அந்த இயந்திரத்தைச் செய்தார்கள்.

ஆர்-22 ஏசியில் புரொப்பேன் அடிக்கிற வேலையும் சில இடங்களில் நடக்கிறது. அமுக்கம் பொருந்துவதால் நன்றாகவே குளிரும், அதுதான் சனத்தை ஏமாற்றுவது. வெளி யூனிட்டில் கொம்ப்ரசருக்குக் கரண்ட் விடும் சுவிட்சான கொன்டாக்டர் ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் பொறி பறக்கும். அதிலும் மோசம், வீட்டு அடுப்புச் சிலிண்டரில் இருந்தே அடிப்பது. சமையல் கேஸ் சுத்தமான புரொப்பேன் அல்ல. பியூட்டேன், ஈரம், மணத்துக்குப் போட்ட இரசாயனம் எல்லாம் கலந்தது. செய்யவே செய்யாதீர்கள்.

வருடா வருடம் கேஸ் அடிக்க வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

இல்லை. ஏசி கேஸ் எரிந்து தீர்வதில்லை, தேய்வதில்லை, பழையதாகிச் சக்தி இழப்பதுமில்லை. குறைந்திருக்கிறதென்றால் எங்கோ ஓட்டை. ஓட்டையை அடைக்காமல் கேஸ் அடிப்பது, வெடித்த ரியூப்புக்கு ஒட்டுப் போடாமல் காற்று அடிப்பது மாதிரி. ஆனாலும் எங்கள் ஊர்களில் “சேர்விஸும் கேஸும்” என்று ஒரே மூச்சில் விலை சொல்வது வழக்கமாகிவிட்டது. வீட்டுக்காரரும் கேட்டுப் பழகிவிட்டார். கேஸ் அடிக்காமல் போனால் “ஒன்றும் செய்யவில்லையே” என்று காசு தர யோசிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

புதுக் கேஸ், பழைய கேஸ் என்ற பேச்சைவிட எங்களுக்கு இதுதான் பெரிய விசயம். ஒரு ஆர்-410ஏ ஏசியில் வருடம் 400 கிராம் கசிந்து, வருடம் 400 கிராம் அடித்தால் அது 800 கிலோவுக்கு மேல் காபனீரொட்சைட்டு வெளியேற்றியதற்குச் சமன். ஐந்து வருடம் இப்படி ஓட்டினால் நாலு தொன் தாண்டும். அதே ஏசி முதல் நாளே இறுக்கமாகப் பூட்டப்பட்டிருந்தால் கணக்குப் பூச்சியம். கசிகிற ஆர்-32 ஏசியை விடக் கசியாத ஆர்-410ஏ ஏசி பூமிக்கு நல்லது.

ஓட்டை பெரும்பாலும் எங்கே இருக்கும்? உள் யூனிட்டும் வெளி யூனிட்டும் குழாயோடு சேரும் ஃப்ளேர் நட்டுகளில். வெளி யூனிட்டின் பக்கத்தில் இரண்டு பித்தளை வால்வுகள் இருக்கும், அவற்றில் குழாய் வந்து சேரும் நட்டைப் பாருங்கள். சுற்றிவர எண்ணெய்க் கறை படிந்து அதில் தூசி அப்பியிருந்தால் கேஸ் அந்த வழியால் போகிறது. கேஸோடு கொம்ப்ரசர் எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும், அதுதான் அடையாளம். சன்லைட் கட்டியைக் கரைத்துக் கெட்டியான நுரையாக்கி நட்டின் மேல் பூசினால், சிறிய கசிவு என்றால் உடனே ஒன்றும் தெரியாது. ஒரு நிமிசம் பொறுத்துப் பார்த்தால் கடுகளவு குமிழி ஒன்று மெல்லத் தலைகாட்டி, பெருத்து, உடைந்து, அதே இடத்தில் திரும்பவும் வரும்.

திருத்த வருகிறவரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “எங்கே கசிகிறது?” பதில் இல்லையென்றால் கேஸுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பூட்ட வருகிறவர் சரியாகச் செய்கிறாரா என்று வீட்டுக்காரர் எப்படிப் பார்ப்பது?

கையில் வக்கூம் பம்ப் வந்ததா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால் அன்று வேலை வேண்டாம் என்று அனுப்பிவிடலாம். குழாயைப் பூட்டியதும் உள்ளே காற்றும் ஈரமும் இருக்கும். எங்கள் கரையோரக் காற்றில் ஈரம் எவ்வளவு என்று உப்புப் போத்தலைத் திறந்துபார்த்தவர்களுக்குத் தெரியும். பம்பால் அதை முழுவதும் இழுத்தெடுக்க வேண்டும். சிலர் வால்வை ஒரு சுற்றுத் திறந்து, உள்ளே இருக்கும் கேஸாலேயே காற்றைத் தள்ளிவிடுவார்கள். உஸ் என்று ஒரு சத்தம், ஐந்து நிமிச வேலை. அந்தச் சத்தம் உங்கள் காசு கொடுத்து வாங்கிய கேஸ். ஈரமும் உள்ளேயே நின்று எண்ணெயைப் புளிக்க வைத்து, நாளைக்குக் கொம்ப்ரசரைத் தின்னும். ஆர்-32இல் இது இரட்டைப் பிழை, எரியும் கேஸைக் கைக்குக் கிட்ட விடுவதால்.

பம்ப் ஓடி, அமுக்கம் காட்டும் கேஜின் முள் பூச்சியத்துக்குக் கீழே கடைசிக் கோட்டுக்கு இறங்கும். அதோடு விடாமல் இன்னும் பதினைந்து, இருபது நிமிசம் ஓட வேண்டும். பிறகு வால்வை மூடிப் பம்பை நிறுத்திவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அசையாமல் நின்றால் நல்லது. மெதுவாக மேலே ஏறினால் எங்கோ காற்று உள்ளே போகிறது, நட்டை இறுக்கித் திரும்பவும் முதலில் இருந்து. நாங்கள் இந்த இடத்தில்தான் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவது.

ஃப்ளேர் நட்டை, இறுக்கத்தின் அளவு காட்டும் டோர்க் ஸ்பானரால் இறுக்குகிறாரா, கேஸ் கூட்ட வேண்டி வந்தால் தராசில் வைத்து நிறுக்கிறாரா என்றும் பாருங்கள். கையால் தொட்டு “நல்லாக் குளிருது, போதும்” என்று அளப்பது அளவல்ல. கட்டாரிலும் சவூதியிலும் வேலை பழகி வந்த பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் நிறைய. அவர்களில் பலர் இதையெல்லாம் சரியாகச் செய்வார்கள். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், அதுதான் என்விகியூ, இருக்கிறதா என்று கேட்பதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கல்லடி, காத்தான்குடி, மருதமுனை மாதிரிக் கடற்கரை வீடுகளில் ஏசி இரண்டு மூன்று வருடத்தில் ஓட்டையாகிறதே?

உப்பு. வெளி யூனிட்டின் கொயிலில் கொப்பர் குழாய், அதன் மேல் அலுமினியத் தகடுகள். இரண்டு உலோகங்களுக்கு நடுவே உப்புத்தண்ணீர் பட்டால் அலுமினியம் தன்னைத் தின்னக் கொடுக்கும். கடலில் இருந்து இருநூறு மீற்றருக்குள் நாலைந்து வருடம் நின்ற ஒரு கொயிலைப் பெருவிரலால் தடவிப் பாருங்கள், தகடு வெள்ளைத் தூளாக உதிரும். தகடு போனால் சூடு வெளியேறாது, கொம்ப்ரசர் திணறும், கரண்ட் கூடும். பிறகு வளைவுக் குழாய்களின் ஒட்டுகளில் கசிவு தொடங்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற ஊர்களில் எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்புத்தான். வாடைக்காற்று காலத்தில் கடல்பக்கச் சுவரில் கை வைத்தாலே பிசுபிசுக்கும்.

செய்யக்கூடியவை உண்டு. வாங்கும்போது கொயிலுக்கு மேல்பூச்சு உள்ளதா என்று கேளுங்கள். நீலமோ பொன்னிறமோ தெரியும். நிறம் மட்டும் உத்தரவாதமல்ல, சில மலிவு ஏசிகளில் அது பேருக்குத்தான். வெளி யூனிட்டைக் கடலைப் பார்த்தபடி பூட்டாதீர்கள். வீட்டின் மறுபக்கம், மதிலின் மறைவு, எங்கே நேரடிக் காற்றுப் படாதோ அங்கே. ஆனால் காற்றோட்டமே இல்லாத சந்துக்குள் அடைக்கவும் கூடாது. தாங்கிக்குச் சாதாரண இரும்பு வேண்டாம், சூடாக்கி நாகம் பூசியதோ துருப்பிடிக்காத எஃகோ போடுங்கள். மாரி வெள்ளம் முற்றத்தில் ஏறுகிற வீடென்றால் உயரம் பார்த்துப் பூட்டுங்கள்.

மாதம் ஒரு தடவை, வாடைக்காலத்தில் இரண்டு தடவை, மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு வெளிக் கொயிலை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் என்பதை அழுத்திச் சொல்கிறோம்: கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் அதால் கழுவுவது உப்புக்கு உப்புச் சேர்ப்பது, பைப் தண்ணீரே பாவியுங்கள். வாகனம் கழுவும் பிறஷர் பம்பைக் கிட்டப் பிடித்தால் தகடெல்லாம் மடிந்து படுத்துவிடும். தோட்டத்து ஹோஸ் போதும்.

கடலுக்குத் தூரமான சம்மாந்துறை, அம்பாறை, உகனைப் பக்கம் எப்படி?

உப்புக் குறைவு, தூசி கூட. நெல் ஆலைக்குக் கிட்ட இருக்கிற வீடுகளில் உமித்தூசி கொயிலை முழுதாக மூடிவிடும். அறுவடை முடிந்ததும் ஒருக்காக் கழுவிவிட்டால் சரி. கேஸைப் பொறுத்தவரை கடற்கரையைவிட இங்கே ஏசிக்கு ஆயுள் கூட.

கச்சான்காற்றுக் காலத்தில் பகலில் குளிர்வதேயில்லை. கேஸ் குறைந்துவிட்டதா?

அநேகமாக இல்லை. ஏசியின் 12,000 பிடியூ என்ற அளவு, வெளியே 35 பாகை, உள்ளே 27 பாகை என்ற நிலையில் அளந்து எழுதியது. கச்சான் வீசும் மே முதல் ஓகஸ்ட் வரை நண்பகலில் வெயில் படும் சுவரில், சிமெந்துத் தரைக்கு மேலே நிற்கும் வெளி யூனிட்டைச் சுற்றி அதைவிடச் சூடாக இருக்கும். கூரை அஸ்பெஸ்டஸ், சீலிங் இல்லை என்றால் எந்தக் கேஸாலும் முடியாது. அந்தக் காசைச் சீலிங்குக்குப் போடுங்கள். ஆர்-410ஏயைவிட ஆர்-32 இந்தச் சூட்டைக் கொஞ்சம் நன்றாகத் தாங்கும் என்பது உண்மை, ஆனால் வெளி யூனிட்டுக்கு ஒரு நிழல் அமைத்துக் கொடுப்பதும் அதே அளவு உதவும்.

இரவில் நன்றாகக் குளிர்கிறது, பகலில்தான் பிரச்சினை என்றால் கேஸ் சரி. இரவிலும் குளிரவில்லை, உள் கொயிலின் ஒரு பக்கம் மட்டும் ஐஸ் பிடிக்கிறது என்றால்தான் கசிவைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆர்-32 ஏசி வாங்கினால் கரண்ட் பில் குறையுமா?

குறையும், ஆனால் கேஸால் கிடைப்பது கொஞ்சம்தான். தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வேர்ட்டர் கொம்ப்ரசர்தான் பெரிய மிச்சம் தருவது. ஆர்-32 ஏசிகள் அநேகமாக இன்வேர்ட்டராக வருவதால் இரண்டையும் சேர்த்து ஒன்றின் பெயரில் விற்கிறார்கள். இன்வேர்ட்டர் இல்லாத ஆர்-32 ஏசியும் சந்தையில் உண்டு, ஸ்டிக்கரைப் பார்த்து வாங்குங்கள். 26 பாகையில் வைத்து மேலே ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் எந்த ஏசியிலும் பில் இறங்கும். பாவனை கூடக் கூட அலகு விலையும் ஏறுகிற எங்கள் கட்டண முறையில் கடைசி முப்பது, நாற்பது அலகுதான் பில்லைத் தூக்குவது.

கேஸைவிடக் கரண்டால்தானே சூழலுக்குக் கேடு கூட?

நல்ல கேள்வி, அட்டாளைச்சேனையில் ஒரு ஆசிரியர் கேட்டார். எட்டு மணித்தியாலம் ஓடும் 12,000 பிடியூ ஏசி நாளுக்கு ஐந்தரை அலகு எடுக்கிறதென்று வைப்போம். வருடத்துக்கு 2,000 அலகு. நுரைச்சோலை நிலக்கரியும் எண்ணெயும் நீர்மின்னும் கலந்த எங்கள் மின்சாரத்தில் அலகுக்கு அரைக் கிலோ என்று பிடித்தால் வருடம் ஒரு தொன் காபனீரொட்சைட்டு. ஒரு கிலோ ஆர்-410ஏ முழுதும் ஒரு தடவை காற்றில் போனால் இரண்டு தொன். அதாவது இரண்டு வருடக் கரண்டை ஒரு உஸ் சத்தத்தில் விடுவதற்குச் சமன். ஆக, கசியாத ஏசியில் கரண்ட்தான் பெரிது. கசிகிற ஏசியில் கேஸும் அதற்கு ஈடாக வந்து நிற்கும். கூரையில் சோலார் இருக்கிறவர்கள் பகலில் ஓட்டினால் கேஸ் மட்டுமே கணக்கு.

அமெரிக்காவில் ஆர்-454பி என்று வேறொரு கேஸைச் சொல்கிறார்களே, நாங்கள் அதற்குக் காத்திருக்கலாமா?

தேவையில்லை. அதுவும் முக்கால்வாசிக்குக் கிட்ட ஆர்-32 கலந்ததுதான். இங்கே வீட்டு ஏசிச் சந்தை போவது ஆர்-32 வழியில்.

கேஸ் கசிந்தால் உடம்புக்கு ஆபத்தா? ஏசியில் ஒரு புளித்த மணம் வருகிறது.

அந்த மணம் கேஸ் அல்ல. ஏசி கேஸுக்கு மணமே கிடையாது. கொயிலிலும் தண்ணீர்த் தட்டிலும் பிடித்த பாசி, பூஞ்சணம், கழுவினால் போய்விடும். ஒரு வீட்டு ஏசியின் கேஸ் மெதுவாகக் கசிவதால் நஞ்சேறாது. சின்ன மூடிய அறைக்குள் திடீரென்று பெரிய சத்தத்தோடு கொட்டினால் மட்டும் எழும்பிக் கதவு யன்னலைத் திறந்துவிட்டு வெளியே போங்கள், நெருப்புப் பற்றவைக்காதீர்கள்.

மலிவான கேஸ் சிலிண்டர் பற்றி?

கவனம். 2011இல் வியட்நாமில் கேஸ் நிரப்பப்பட்ட கப்பல் குளிர்க் கொள்கலன்கள் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். சிலிண்டருக்குள் இருந்தது எழுதியிருந்த கேஸ் அல்ல. மெதயில் குளோரைட்டு கலந்த போலி. அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டதும் தீப்பற்றும் பொருளை உண்டாக்கும். உங்கள் ஏசியிலும் அலுமினியம் இருக்கிறது. சீல் உடையாத, பெயர் தெரிந்த இறக்குமதியாளரின் சிலிண்டரா என்று பாருங்கள்.

பள்ளிவாசல், கோயில் மண்டபம் போன்ற பெரிய இடங்களுக்கும் இதே கதையா?

இல்லை. கேஸின் அளவு கூடும்போது அறையின் பரப்பு, காற்றோட்டம் எல்லாம் கணக்குப் போட்டுத்தான் ஆர்-32 பூட்ட வேண்டும். நிர்வாகசபை விலைமனுக் கேட்கும்போது அந்தக் கணக்கையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

பழைய ஏசியைக் கழற்றி இரும்புக்காரருக்குக் கொடுக்கலாமா?

கேஸை எடுத்த பிறகு கொடுக்கலாம். இரும்பு வாங்க வருகிறவர் கொப்பர் குழாயை வெட்டுவார், ஒரு கிலோ கேஸ் அப்படியே வானத்துக்குப் போகும். பெற்றோல் லீற்றருக்கு 2.3 கிலோ காபனீரொட்சைட்டு என்றால், ஒரு கிலோ ஆர்-410ஏ தொள்ளாயிரம் லீற்றர் பெற்றோலை எரித்ததற்குச் சமன். மோட்டார்சைக்கிளில் மட்டக்களப்பில் இருந்து கொழும்புக்கு அறுபது தடவைக்குக் குறையாமல் போய்வரலாம்.

ஓடுகிற நிலையில் உள்ள ஏசி என்றால் கேஸை வெளி யூனிட்டுக்குள்ளேயே இழுத்துப் பூட்டிவிடலாம். ஏசியைக் குளிரில் ஓடவிட்டு, சின்னக் குழாயின் வால்வை அலன் கீயால் முழுவதும் மூட வேண்டும். கேஜின் முள் பூச்சியத்துக்குக் கிட்ட இறங்கும்போது பெரிய குழாயின் வால்வையும் மூடி, உடனே ஏசியை நிறுத்த வேண்டும். கேஜ் இல்லாமல், பழகாத ஆள் செய்தால் காற்று உள்ளே போய்க் கொம்ப்ரசர் வெடித்த சம்பவங்களும் உண்டு, ஆகவே நீங்களே முயல வேண்டாம். கொம்ப்ரசர் செத்த ஏசி என்றால் கேஸ் எடுக்கும் இயந்திரம் வைத்திருப்பவரைத்தான் கூப்பிட வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்த இயந்திரம் வைத்திருக்கிற கடைகள் குறைவு. கழற்றும் கூலி பேசும்போதே கேஸ் எடுக்கும் கூலியையும் சேர்த்துப் பேசுங்கள். அதைத் தனியாகக் கேட்டால் முக்கால்வாசிப் பேர் “அதெல்லாம் எதுக்கு” என்றுதான் சொல்வார்கள்.